மாயாவிக்கு மதிப்பெண்

நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர், பெயர் வேண்டாம், இதைப் படிக்கிற முப்பது பேருக்கும் தெரியும், தம்மிடமுள்ள பழைய முத்து காமிக்ஸ் இதழ்கள் நான்கை அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறார். மதிப்பெண் வாங்குவதற்கு. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னார். பையனை மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்ட தகப்பனின் முகம் அவருக்கு அப்போது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ளோரிடாவில் சரசோட்டா என்ற ஊரில் சி.ஜி.சி. என்று ஒரு கம்பெனி. 2000இல் தொடங்கியது. பழைய சித்திரக் கதைப் புத்தகத்தை அனுப்பினால் பக்கங்களை எண்ணுவார்கள். முதுகில் மடிப்புக் கோடு உண்டா, முனை மழுங்கியிருக்கிறதா, தாள் எவ்வளவு பழுத்திருக்கிறது, யாராவது ஒட்டியோ வண்ணம் தீட்டியோ பழுது பார்த்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அரையிலிருந்து பத்துவரை ஒரு எண் போடுவார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பெட்டியைத் திறந்தால் மதிப்பெண் போயிற்று. புத்தகத்தின் விலை ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அனுப்புவதற்கு முன் சூடு காட்டி அழுத்தி மடிப்பை நிமிர்த்தித் தருவதற்கும் ஆள் இருக்கிறது, இஸ்திரிக் கடை மாதிரி. 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் மதிப்பெண் 8.5.

பணத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆசாமியல்ல நான். வங்கி குமாஸ்தா. காலை பத்து மணிமுதல் நகைக்கடன் சீட்டு எழுதுகிறவன். எங்கள் கிளைக்கு வரும் மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பார், அமிலம் விடுவார், கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து எடை சொல்வார். வளையல் நெளிந்திருக்கிறது என்பதற்காக மாற்றைக் குறைத்துச் சொன்னதில்லை. அவருக்கும் கட்டணம் உண்டு. அந்த வகையில் அமெரிக்காக்காரனை நான் குறை சொல்ல முடியாது. நகையைப் பையில் போட்டு முத்திரை வைத்துப் பெட்டக அறைக்குள் வைக்கிறோம். ஆனால் அது மீட்கிற நாள்வரைக்கும்தான். அறுவடை முடிந்து பணம் கட்டிய பெண், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொள்வதை மாதம் நாலு தடவையாவது பார்க்கிறேன். சரசோட்டாப் பெட்டிக்கு மீட்பு நாள் என்று ஒன்று கிடையாது.

என் கோபத்துக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. ஒளித்துவைத்தால் கவிஞரே எழுதிவிடுவார், நானே சொல்லிவிடுகிறேன். அரிமளத்தில் என் தாய்மாமா எழுபதுகளில் பள்ளிக்கூடப் பையன். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கி, இங்கிலாந்து ஃப்ளீட்வே கதையை இரும்புக்கை மாயாவியாக்கி முதல் இதழாகப் போட்டார். அந்த வருஷங்களின் இதழ்களில் ஆறை மாமா ஒன்றாகத் தைத்து பைண்டு செய்துவைத்திருந்தார். பைண்டிங் கடைக்காரர் மூன்று பக்கமும் கத்தி போட்டதில் சில இடங்களில் வசனத்தின் கடைசி எழுத்தும் போய்விட்டது. முதல் பக்கத்தில் மாமா பெயர், ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு. கடைசி உள்ளட்டையில் இரவல் வாங்கியவர்களின் ஜாபிதா, தேதியோடு. திண்ணையில் உட்கார்ந்து நாளுக்குப் பத்துப் பைசா வாடகை வாங்கினாராம். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் புத்தகம் அதுதான். எங்கள் பாடப்புத்தகத்துக்கு அந்தப் பெருமை இல்லை.

மாமா காலமான பிறகு அது என்னிடம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு சேகரிப்பாளரிடம் கொண்டுபோனேன். பழைய இதழ்கள் ஆயிரக்கணக்கில் போகின்றன என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கடன் தவணையில் நாலைந்து மாதமாவது தேறும் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டிருந்தேன். அவர் ஓரங்களை மட்டும் பார்த்தார். பைண்டு பண்ணியதா, கத்தி போட்டதா, வேண்டாம் தம்பி என்றார். எந்தக் கதைகள் இருக்கின்றன என்று கேட்கவில்லை. திரும்பும்போது எனக்கு வருத்தம்தான். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்கிறான் என்று நண்பர்கள் சொல்லட்டும். புளிப்புக்கும் ஒரு காரணம் இருக்குமல்லவா?

அந்தக் காரணத்துக்கு வருகிறேன். தமிழ் வாசகன் எதையும் காப்பாற்றிய முறை பைண்டு செய்வதுதான். கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு தைத்துவைத்த வீடுகள் எத்தனை! அமெரிக்க அளவுகோலில் அந்தத் தொகுப்புகளெல்லாம் சிதைவு. இரவல் நூலக முத்திரை, சிதைவு. பையன் எழுதிய பெயர், சிதைவு. இங்கே ஒரு புத்தகம் படிக்கப்பட்டது என்பதற்கு என்னென்ன சாட்சியோ அத்தனைக்கும் ஒரு கழிவு. யாரும் தொடாதது 9.8. கடையிலிருந்து நேரே பீரோவுக்குப் போனதற்குப் பரிசு.

நம் மாவட்டத்துக்காரர் அழ. வள்ளியப்பா, ராயவரம், என்னைப்போல வங்கி உத்தியோகம், நாற்பதுகளில் பாலர் மலர், டமாரம், சங்கு என்று குழந்தைப் பத்திரிகைகளுக்கு உழைத்தார். அவற்றின் முழு வரிசையை நான் கண்டதில்லை. குழந்தைகள் தின்றுவிட்டார்கள். அதைவிட நல்ல மதிப்பெண் அவருக்கு எந்த ஊரிலிருந்து வரவேண்டும்?

சேகரிப்பதையே நான் ஏளனம் செய்கிறேன் என்று திரித்துவிட வேண்டாம். திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி சேர்த்த ஞானாலயாவில் முதல் பதிப்புகள் உண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே உட்கார்ந்து பக்கம் புரட்டியிருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் இறந்த பிறகு அவர் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியது. அதுவும் அமெரிக்கப் பணம்தான். ஆனால் அது சென்னையில் நூலகமாயிற்று, மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள், இன்றும் போய்ப் படிக்கலாம்.

கவிஞரின் வாதம் ஒன்று நியாயமானது. மட்டத் தாள், பழுத்து நொறுங்குகிறது, கரையான் வேறு. படிக்க விரும்புகிறவனுக்கு மறுபதிப்பு இருக்கிறது, மூலப்பிரதியாவது பிழைக்கட்டுமே என்கிறார். பிழைக்கட்டும். பெட்டி வாங்கட்டும், விற்கட்டும், வீடு கட்டட்டும். அதற்குத் 'தரம்' என்று பெயர் சொல்லாதிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அந்தச் சொல்லுக்காக இங்கே ஐம்பது வருஷம் சண்டை நடந்திருக்கிறது. க.நா.சு. பட்டியல் போட்டார். பட்டியல் விமர்சனம் என்று அவரை எத்தனை பேர் ஏசினோம்! காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஆனாலும் மனுஷர் படித்துவிட்டுப் போட்டார். போட்டதன் அர்த்தம் நீயும் போய்ப் படி என்பது. சரசோட்டாவில் பக்கத்தை எண்ணுகிறவன் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாமலே நம் மாயாவிக்குத் தரம் சொல்லலாம். முறையில் பிழை வராது.

2023 கடைசியில் அங்கே ஒரு மோசடி அம்பலமாயிற்று. பெட்டிக்குள் உயர்ந்த பிரதியை எடுத்துவிட்டு மட்டமான பிரதியை வைத்து விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் அட்டையையும் எண்ணையும் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். வேறு எதைப் பார்ப்பார்கள்?

நம் வீட்டிலும் இதே வியாதி. எழுத்து, நடை, கசடதபற பழைய பிரதிகளை பாலிதீன் உறையில் போட்டுவைத்திருக்கும் நண்பரிடம், ஒரு கட்டுரையை மட்டும் பார்க்க வேண்டும் என்று சென்ற வருஷம் எழுதிக் கேட்டேன். அட்டையின் புகைப்படம் அனுப்பினார்.

கவிஞர் சமாசாரத்தை முடித்துவிடுகிறேன். மாமாவின் தொகுப்பில் நாலாவது கதைக்குக் கடைசி இரண்டு தாள்கள் இல்லை. ஜாபிதாவில் உள்ள யாரோ கிழித்திருக்க வேண்டும். வில்லன் கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறுவதோடு நிற்கிறது. அந்தக் கதை மறுபதிப்பும் காணவில்லை. கவிஞரின் நான்கு இதழ்களில் அது ஒன்று. திறந்து என்ன ஆனான் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். முதுகு வெடித்துவிடும், ஒரு புள்ளி போய்விடும் என்றார். நீங்களாவது படித்திருக்கிறீர்களா என்றேன். சின்ன வயதில் படித்திருப்பேன் என்றார்.

பார்சல் இன்னும் போகவில்லை என்று தெரிகிறது. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான்.