வயல் உரம் கடலுக்கு எதற்கு?

கடலில் மீன் செத்து ஒதுங்கினால் அது மீனவர் கவலை. கான்சாபுரத்து விவசாயிக்கு அதில் என்ன என்று கேட்பவர் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. வத்திராயிருப்பு வட்டார வயல்களின் வடிகால் மழைக்காலத்தில் அர்ச்சுனா நதியைச் சேர்கிறது. அந்நதி இருக்கன்குடியில் வைப்பாற்றுடன் கலந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது.

அந்த வளைகுடாவில், 2019 செப்டம்பரில், பாம்பன், மண்டபம் பகுதிக் கடல்நீர் பச்சையாக மாறியது. நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகியதே காரணம். மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பர். நீரில் கரைந்துள்ள பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லி கிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்கள் செத்து ஒதுங்கின; பவளப் பாறைகளும் மடிந்தன. 2008 அக்டோபரிலும் இவ்வளைகுடாவில் இதே நுண்ணுயிர் பெருகி மீன்கள் மடிந்தன.

கண்மாயில் மீன் வளர்ப்போருக்கு இது புதிதன்று. தண்ணீர் கரும்பச்சையாகி, மேகமூட்டமும் தொடர்ந்தால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் அதுவே உட்கொள்கிறது. பாசி மடிந்து அழுகும்போது மிச்சமிருப்பதும் தீர்ந்துபோகிறது. கடலிலும் ஏறத்தாழ இதே கதைதான். வேகமாக நீந்தும் மீன் விலகி ஓடிவிடும். குஞ்சுகளும், அடித்தரையையும் பாறை இடுக்கையும் நம்பி வாழும் மீன்களும் தப்புவது அரிது. கரையோரக் கடற்புல்லும் அலையாத்திக் காடும் மீன் குஞ்சுகளுக்கு நாற்றங்கால். நாற்றங்கால் கெட்டால் நடவு ஏது?

2019 சேதத்துக்கு வைப்பாற்று வயல்களே காரணம் என்று சொல்வது நியாயமன்று. காற்று, நீரோட்டம், கடலின் வெப்பம் எனப் பலவும் இதில் சேரும். ஆனால், நீரில் பாசியைப் பெருக்குபவை தழைச்சத்தும் மணிச்சத்தும். அவை நகரச் சாக்கடையிலிருந்தும் போகின்றன, வயலிலிருந்தும் போகின்றன.

மழை இருட்டிக்கொண்டு வரும்போது வீசிய யூரியா பயிருக்குச் சேராது. போட்ட காசு ஓடையில் போகும். நெல்லுக்குத் தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று, நான்கு தவணையாகப் பிரித்து இடலாம். இலை வண்ண அட்டையைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மேலுரம் போடலாம். உரமிட்ட வயலின் நீர் உடனே வடிந்துவிடாமல் மடையை அடைத்து வைக்கலாம். இவை மீனவருக்குச் செய்யும் தர்மம் அல்ல, விவசாயிக்கே லாபம்.

அதே சமயம், நகரச் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டுக்கொண்டு விவசாயிக்கு மட்டும் உபதேசம் செய்வது எடுபடாது. இரு பக்கமும் சீர்திருந்த வேண்டும். மேட்டில் வீணாகும் உரம், பள்ளத்தில் இன்னொருவன் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது.