முதற் கமராவும் முகப்படமும்

விழா மலர் ஒன்று கைக்கு வந்தவுடன் பழைய மாணவர் முதலிற் செய்வது யாது? வாழ்த்துரைகளைப் படிப்பதன்று; அறிக்கைகளை ஆராய்வதுமன்று. படங்கள் உள்ள பக்கங்களைப் புரட்டித் தம் வகுப்பைத் தேடுவர். கண்டதும் விரலை வைத்து அருகிலிருப்போர்க்குக் காட்டுவர். வரிசை வரிசையாக நிற்கும் அப்படங்களில் ஒவ்வொருவர் முகமும் மிளகளவே இருக்கும். இருந்தும் அந்த மிளகளவிலே ஒரு காலம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. முகத்தின் மதிப்பை இவ்வாறு அறிந்த நாம், முகத்தைப் படமெடுக்கும் கலையைப் போதிய அளவு கருதவில்லை என்பது என் எண்ணம். ஆதலின், முகப்படம் எடுக்க விரும்பும் ஒருவர் தம் முதற் கமராவையும் வில்லையையும் எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதுபற்றிச் சில சொல்ல விழைகின்றேன். நான் தமிழாசிரியன், படக்கலையை முறையாகப் பயின்றவனல்லன். கல்லூரி விழாக்களிற் படமெடுக்கும் மாணவர்க்குத் துணைநிற்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்பால் இருந்து வருதலால், பிழைவிட்டுக் கற்றவற்றையே கூறுகின்றேன்.

எனது அம்மம்மா காலமானபோது மரண அறிவித்தலுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வீடு முழுவதும் தேடினோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரோடும் புறப்பட்டபோது எங்கள் அல்பங்கள் வீட்டோடு நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, அவையும் இல்லை. எஞ்சியது அடையாள அட்டையில் இருந்த சிறு படம் ஒன்றே. அதனைப் பெருப்பித்துச் சட்டமிட்டு மாலை சூட்டினோம். பேரப்பிள்ளைகள் அனைவரையும் சிரிக்கவைத்த அம்முகம், யாரோ அதட்டி நிறுத்தியதுபோல அந்தச் சட்டத்துள் விறைத்து நின்றது. "இது பூட்டி மாதிரி இல்லையே" என்றாள் என் மகள். மறுமொழி கூற என்னால் இயலவில்லை. ஏனெனில் அக்காலத்தில் என்னிடம் ஒரு கமரா இருந்தது. அதைக்கொண்டு தேர்த் திருவிழாக்களையும் மாலைச் சூரியனையும் நூற்றுக்கணக்கிற் படமெடுத்திருந்தேன். அம்மம்மாவை ஒரே ஒருமுறை எடுத்தேன், அதுவும் பழுதாயிற்று. அது பழுதான காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

"சேர், எந்தக் கமரா வாங்குவது நல்லது?" என்று மாணவர் கேட்கின்றனர். விடுமுறையில் வரும் பழைய மாணவரும், "கல்லூரிக்கு ஒரு நல்ல கமரா அனுப்புகின்றேன், எது வேண்டும்?" என அன்போடு வினவுகின்றனர். இரு சாராருக்கும் என் விடை ஒன்றே: கமராவைப் பின்னர்க் கேளுங்கள்; வில்லையை முதலிற் கேளுங்கள். கையிலுள்ள பணத்தில் கமராவின் உடலுக்குக் குறைத்து, வில்லைக்கு ஒதுக்குவதே முகப்படம் எடுப்போர்க்கு உகந்த நெறி.

இது புதிதாக நான் கண்ட கொள்கையன்று. படக்கலையின் வரலாறே இதனைக் கூறும். 1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு டகேர் என்பார் தம் படமெடுக்கும் முறையை உலகுக்கு வெளியிட்டார். ஆயின் அக்கமராவின் முன்னே ஓர் ஆள் பல நிமிடம் அசையாது இருக்க வேண்டியிருந்தது. கட்டடங்களுக்கு அது பொருந்தும். கண்ணிமைக்கும் மனிதர்க்குப் பொருந்துமா? அடுத்த ஆண்டிலேயே வியன்னா நகரக் கணிதப் பேராசிரியர் பெற்ஸ்வால், பெருந்துவாரமுடைய வில்லை ஒன்றைக் கணக்கிட்டு அமைத்தார். நிமிடங்கள் செக்கன்களாகச் சுருங்கின. முகப்படம் என்னும் கலை உலகெங்கும் பரவ வழி பிறந்தது. பெட்டி பழையதே, வழிதிறந்தது வில்லை.

இவ்வில்லையின் வழிவந்த ஒன்று நம் நாட்டோடும் தொடர்புடைய ஒருவர் கைக்குச் சேர்ந்தது. கல்கத்தாவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த யூலியா மார்கரெட் கமெரன் அம்மையாருக்கு, 1863ஆம் ஆண்டில், அவர்தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அதுவே அவர்தம் முதற் கமரா. கோழிக்கூட்டைப் படக்கூடமாக்கி, வீட்டுப் பணிப்பெண்ணையும் அயலாரையும் புகழ்பெற்ற அறிஞரையும் ஒரேவிதமாக இருத்தி அவர் எடுத்த முகப்படங்கள் இன்றும் உலகத்தின் பெரிய அரும்பொருட்சாலைகளிற் பேணப்படுகின்றன. 1875ஆம் ஆண்டு கணவரோடு இலங்கைக்கு வந்து, இங்கும் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தாரையும் படமெடுத்து, 1879இல் மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமாயினார். நாற்பதைக் கடந்தபின் என்ன பயில்வது என்று சோர்வோர்க்கு அவர் வாழ்க்கை நல்ல மறுமொழி.

இனி, இற்றை நாளைப் பார்ப்போம். டீ.எஸ்.எல்.ஆர். எனப்படும் கமராவின் உள்ளே ஓர் ஆடி உண்டு. வில்லை வழியே வரும் ஒளியை அது மேலே தெறிக்கச்செய்து நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தும்போது ஆடி விலக, ஒளி பின்னாலுள்ள உணரியிற் பதியும். கனொன், நிக்கொன் ஆகிய இரு பெரு நிறுவனங்களும் 2020ஆம் ஆண்டிற்குப் பின் தம் முயற்சியை ஆடியில்லாக் கமராக்களின்பாலே திருப்பிவிட்டன. இதனாற் பலர் தம் ஆடிக் கமராக்களை விற்றுவிட்டுப் புதியன வாங்குகின்றனர். முதற் கமரா தேடுவோர்க்கு இஃது இழப்பன்று, நல்வாய்ப்பு. நேற்றைய நல்ல கருவி இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது.

உடலைத் தெரியும்போது மெகாபிக்செல் எண்ணிக்கையில் மயங்குதல் வேண்டா. எட்டுக்குப் பத்து அங்குலமுள்ள படமொன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிட, 2400ஐ 3000ஆற் பெருக்கிய 72 இலட்சம் புள்ளிகள், அதாவது ஏழு மெகாபிக்செல்லுக்குச் சற்று மேல், போதும். 2016இல் வந்த நிக்கொன் டீ5600, 2018இல் வந்த டீ3500, 2017இல் வந்த கனொன் 200டீ ஆகிய எளிய கமராக்கள் யாவும் 24 மெகாபிக்செல் உடையன. சுவரில் மாட்டும் படத்துக்கு இவற்றின்மேல் வேண்டுவது ஒன்றுமில்லை.

இக்கமராக்களோடு பெரும்பாலும் 18 முதல் 55 மில்லிமீற்றர்வரை நீண்டு சுருங்கும் வில்லை ஒன்று சேர்ந்து வரும். அதனை இகழ வேண்டா. ஆயினும் முகத்துக்கு அது போதாது. வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தாற் பிரிக்க வருவதே எஃப் எண். எண் சிறுகத் துவாரம் பெருகும். மேற்கூறிய வில்லை 55இல் நிற்கும்போது எஃப் 5.6க்கு மேல் திறவாது. 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையோ அதனிலும் ஒன்பது மடங்குக்கு மேலான ஒளியை உள்ளே விடும். மாலை நேரத்து விறாந்தையில் முன்னது 1/15 செக்கன் திறந்திருக்க வேண்டுமாயின், பின்னதற்கு 1/125 செக்கன் போதும். முதியவர் ஒருவர் பேசிக்கொண்டே சிரிக்கும் கணம் முன்னதிற் கலங்கும், பின்னதில் நிற்கும்.

அம்மம்மாவின் படம் பழுதான காரணத்தை இனிச் சொல்வேன். வில்லையை 18இல் வைத்து, முகம் பெரிதாக வரவேண்டுமென்று மிக அருகே சென்று எடுத்தேன். மூக்கு வீங்கி, காதுகள் ஒடுங்கி, வேறோர் ஆள்போல வந்தது. குற்றம் அவர்தம் முகத்திலன்று. நான் நின்ற தூரத்தில். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் இருக்கும். 30 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று எடுத்தால் காது 42இல் இருக்கும். ஆகவே காதோடு ஒப்பிட மூக்கு நாற்பது வீதம் பெருத்துத் தோன்றும். இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் அவ்வேறுபாடு ஆறு வீதமே. முகத்தின் அமைதியைக் காப்பது தூரம். அத்தூரத்தில் நின்றும் முகத்தைப் பெரிதாகக் காட்டுவது நீண்ட குவியத்தூரம். இவ்விரண்டும் சேர்ந்ததே முகப்பட வில்லையின் இரகசியம்.

ஆதலால் என் முடிபு இது. முதல் வில்லை 50 மில்லிமீற்றர் எஃப் 1.8. மேற்கூறிய எளிய கமராக்களின் உணரி, பழைய படச்சுருளின் 36க்கு 24 மில்லிமீற்றர்ச் சட்டத்திலும் சிறியது. ஆகவே 50 வில்லை அவற்றில் 75 அல்லது 80 போலத் தொழிற்படும். இரண்டு மீற்றர் தூரத்தில் தலைமுதல் இடைவரை அடங்கும். கனொன் கமராவுக்கு 2015இல் வெளிவந்த எஸ்.ரீ.எம். வகை ஏற்றது. நிக்கொனுக்கு 2011இல் வந்த ஏ.எஃப்.-எஸ். 50 எஃப் 1.8 ஜீ ஏற்றது. விலை குறைந்ததென்று அதன் முந்திய 'டீ' வகையை வாங்கிவிடாதீர்கள்; டீ3500, டீ5600 ஆகியவற்றின் உடலில் குவியமாக்கும் மோட்டர் இல்லை; அவ்வில்லைகளைக் கையாற்றான் குவியமாக்க வேண்டிவரும். இரண்டாவது வில்லை வேண்டுவோர் 85 மில்லிமீற்றர் எஃப் 1.8ஐ நாடலாம், தலையும் தோளும் மட்டும் எடுப்பதற்கு அது மிக இனிது. சிற்றறைகளிற் குடும்பத்தோரைச் சேர்த்து எடுப்போர்க்கு 35 உதவும். மூன்றையும் ஒருங்கே வாங்க முயலாது, ஒன்றோடு ஓராண்டு பழகுதலே நன்று.

பெருந்துவாரம் கிடைத்ததென்று எப்போதும் அதனை முற்றத் திறந்து வைத்தலும் தவறு. ஒரு மீற்றரில் நின்று எஃப் 1.8இல் எடுத்தால், தெளிவாகும் ஆழம் மூன்று சென்ரிமீற்றரும் இராது. கண் தெளிய மூக்கு மங்கும். இரண்டு மீற்றரில் எஃப் 4 வைத்தால் முகம் முழுதும் தெளியும். அருகிலுள்ள கண்ணிலே குவியத்தை வையுங்கள். மின்வெட்டு விளக்கை அணைத்து, யன்னலோரத்திலோ விறாந்தை விளிம்பிலோ இருத்தி, பக்கவாட்டு ஒளியில் எடுங்கள்.

பழைய வில்லை வாங்குவோர் கைவிளக்கை அதனூடே பாய்ச்சிப் பார்த்தல் வேண்டும். நம்மூர் ஈரப்பதனில் பூஞ்சணம் சிலந்திவலைபோல உள்ளே படரும். அத்தகையதை எவ்விலைக்கும் கொள்ளற்க. வாங்கியபின் அலுமாரியின் மூலையிற் போடாது, சிலிக்கா ஜெல் இட்ட இறுகிய பெட்டியில் வைத்து, வாரமொருமுறையேனும் எடுத்துப் பயன்படுத்துக.

"கைத்தொலைபேசி இருக்கையில் இவையெல்லாம் எதற்கு?" என்பர் சிலர். கைத்தொலைபேசியில் நல்ல படங்கள் வருதலை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதன் முதன்மை வில்லை அகன்ற பார்வையுடையது. கை தானாகவே முகத்தருகே சென்றுவிடும். என் பிழையே அங்கு மீளும். ஆடியில்லாக் கமரா கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவியமாக்கும் என்பர் வேறு சிலர். அதுவும் உண்மை. பொருள் உடையோர் அதனை வாங்கலாம். ஆயின் கனொனின் பழைய வில்லைகளை, பொருத்தி ஒன்றின் துணையால், அந்நிறுவனத்தின் புதிய கமராக்களிலும் பூட்டலாம். மோட்டர் உடைய நிக்கொன் வில்லைகளும் அவ்வாறே. உடல் மாறினும் வில்லை நிலைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். புதியது வாங்கியபின் உங்கள் அலுமாரியில் உறங்கும் ஆடிக் கமராவை, 50 வில்லை ஒன்றோடு கல்லூரிக்கு அனுப்புங்கள். விலையுயர்ந்த ஒரு கமராவைப் பூட்டிவைத்துக் காப்பதிலும், எளிய நான்கு கமராக்கள் மாணவர் கைகளிற் பழகுதல் மேல். மிஞ்சும் பணத்தை அச்சிடுவதற்கு ஒதுக்குங்கள்; அச்சிடாத படம் கருவியோடு மறையும்.

மாணவர்க்கும் ஒன்று கூறுவேன். கமரா கிடைத்த முதற் கிழமையில் கோவிற் கோபுரத்தை எடுக்கவேண்டா. அஃது இன்னும் பல்லாண்டு நிற்கும். உங்கள் வீட்டில் மூத்தவர் யாரோ அவரை விறாந்தைக்கு அழைத்து இருத்துங்கள். இரண்டு மீற்றர் தள்ளி நின்று, பழங்கதை ஒன்றைச் சொல்லச் சொல்லி, அவர் தம்மை மறந்து சிரிக்கும்போது எடுங்கள். அதனை அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலாற் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, ஒரு பிரதியை வேறோர் உறவினர் வீட்டிலும் வைத்துவிடுங்கள். என்றேனும் ஒருநாள் அப்படத்துக்கு மாலை சூட்ட நேரும். அப்போது வீட்டிலுள்ள சிறு பிள்ளை அதனைப் பார்த்து, "இது அவரே" என்று சொல்லல் வேண்டும்.