ஒரு ஸ்வரமும் எழுதாதவர்

விமர்சகன் என்பவன் படைப்பாளியின் முதுகில் சவாரி செய்பவன் என்றொரு வாசகம் உண்டு. இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க்கடை வாசலில் நிற்கும்போது எப்படியும் ஒருமுறை காதில் விழுந்துவிடும். சற்று நாகரிகமானவர்கள் அதையே வேறுவிதமாகச் சொல்வார்கள்: விமர்சகன் தள்ளி நிற்க வேண்டும், படைப்பாளிக்கு மேடை அமைத்துக் கொடுப்பவன், விழா நடத்துபவன், அதிகாரத்திடம் போய்ப் பணம் கேட்பவன் விமர்சகனாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறான். முதல் வாசகம் விமர்சகன் ஒன்றுமே செய்வதில்லை என்கிறது. இரண்டாவது வாசகமோ, அவன் எதையாவது செய்துவிட்டால் அந்தச் செயலையே குற்றமாக்குகிறது. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் சொல்லவும் கேட்டிருக்கிறோம்.

இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம். மறுப்பதற்குச் சான்றாக நம் சூழலிலிருந்து ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த நொடியே கட்சி கட்டிக்கொள்வோம், வாதம் காணாமற்போகும். ஆகவே தொலைவிலுள்ள ஒரு நாட்டிலிருந்து, இலக்கியத்துக்கு வெளியே இசைத்துறையிலிருந்து, ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறோம். போலந்தின் யூஸெஃப் பட்கோவ்ஸ்கியின் வாழ்க்கை அது.

1929-ல் வில்னோவில் பிறந்தவர். இன்று லித்துவேனியாவின் தலைநகரான வில்னியூஸ்தான் அந்த ஊர். வார்ஸாவில் இசையியல் படித்தார். இசையைப் பற்றி எழுதினார், வானொலியில் பேசினார். இசையமைப்பாளராக அவரை யாரும் அறியார். ஆனால் 1957-க்குப் பிந்தைய போலந்து இசையின் வரலாற்றை அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. இந்த முரண்தான் நம் விவாதத்தின் மையம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1949 ஆகஸ்டில் வாகூவ் என்ற சிற்றூரில் போலந்து இசையமைப்பாளர்கள் கூட்டப்பட்டனர். அன்று பண்பாட்டுத் துணை அமைச்சராக இருந்த வ்வோஜிமியெஷ் சொகோர்ஸ்கி சோஷலிச யதார்த்தவாதமே இனி இசையின் பாதை என்று அங்கே அறிவுறுத்தினார். மக்களுக்குப் புரியாத இசை 'உருவவாதம்' என்று முத்திரை குத்தப்பட்டது. வீட்டோல்ட் லுடோஸ்வாவ்ஸ்கியின் முதல் சிம்பனி மேடையிலிருந்து விலக்கப்பட்டது. அப்படிப்பட்ட இசையமைப்பாளரை டிராம் வண்டியின் சக்கரத்தில் தள்ள வேண்டும் என்று சொகோர்ஸ்கி சொன்னதாக ஒரு செய்தி இசைக்கலைஞர்கள் நடுவே வெகுகாலம் வழங்கிவந்தது.

1953-ல் ஸ்டாலின் மறைந்தார். 1956-ல் பனி உருகத் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில், ததேயூஷ் பெயர்ட், கஷிமியெஷ் செரோட்ஸ்கி ஆகிய இளம் இசையமைப்பாளர்களின் முயற்சியால், 'வார்ஸா இலையுதிர்காலம்' என்ற புதிய இசை விழா முதன்முறையாக நடந்தது. பல ஆண்டுகள் அடைபட்டிருந்த சன்னல் திறந்தது. ஆனால் விழா என்பது ஆண்டில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் புதிய ஒலியைத் தேடுகிறவன் எங்கே போவான்? கொலோனிலும் பாரிஸிலும் மிலானிலும் வானொலி நிலையங்களுக்குள் மின்னணு இசைக்கூடங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி, ஒட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, வடிகட்டிகளில் செலுத்தி, இதுவரை இல்லாத ஓசைகளை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். சோஷலிச முகாமில் அப்படி ஒன்று இல்லை.

1957 நவம்பரில் வார்ஸாவில் அது உருவாயிற்று. போலந்து வானொலியின் பரிசோதனைக் கூடம் என்று பெயர். யோசனை இருபத்தெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த பட்கோவ்ஸ்கியுடையது. அனுமதி கொடுத்தவர் வானொலிக் குழுவின் தலைவர். அந்தத் தலைவர் யார்? அதே சொகோர்ஸ்கி. எட்டு ஆண்டுகளுக்கு முன் உருவவாதத்தைக் கண்டித்தவரிடமிருந்தே உருவவாதத்தின் உச்சமென்று கருதத்தக்க ஒரு கூடத்துக்கு உத்தரவு பெற்றார்கள்.

தூய்மைவாதிகள் உடனே எழுந்து நிற்பார்கள் என்று தெரியும். 'அதிகாரத்தின் கையிலிருந்து வாங்கியது; ஆகவே கறைபட்டது' என்பார்கள். போலந்தின் நவீன இசையே மேற்குலகுக்குக் காட்டுவதற்காக ஆட்சி வைத்திருந்த கண்ணாடி அலமாரிதான் என்ற குற்றச்சாட்டு அந்த நாட்டிலும் சொல்லப்பட்டிருக்கிறது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆட்சிக்கு அலமாரி தேவைப்பட்டது. ஆனால் உள்ளே எதை வைப்பது என்பதைத் தீர்மானித்தவர்கள் யார்? அந்தக் கேள்வியைக் கேட்காமல் கறையைப் பற்றி மட்டும் பேசுவது சோம்பேறித்தனம்.

பட்கோவ்ஸ்கி அக்கூடத்தை 1985 வரை வழிநடத்தினார். என்ன செய்தார் என்று பார்ப்போம்.

1959-ல் வ்வோஜிமியெஷ் கொதோன்ஸ்கி அங்கே ஒரு படைப்பை முடித்தார். மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. அதன் மூலப்பொருள் ஒரு தாளத்தட்டின் மீது மென்மையான கோலால் விழுந்த ஒரே ஓர் அடி. அந்த ஓர் அடியின் ஓசையை வடிகட்டிகளால் பல பட்டைகளாகப் பிரித்து, அவற்றை வெவ்வேறு சுருதிகளுக்கு நகர்த்தி, அவற்றிலிருந்தே முழு இசையும் கட்டப்பட்டது. 1961-ல் க்ஷிஷ்டோஃப் பென்டரெட்ஸ்கி மனிதக் குரலின் உயிரொலிகளையும் மெய்யொலிகளையும் மட்டும் கச்சாப்பொருளாகக் கொண்டு 'ஸால்முஸ் 1961' என்ற நாடா இசையை அங்கே ஆக்கினார். அதே காலத்தில் அவர் வயலின், செல்லோ முதலிய தந்திக் கருவிகளைக் கொண்டு எழுப்பிய விசித்திரமான ஒலித்திரள்களில் இக்கூடத்தின் அனுபவம் படிந்திருப்பதை இசை ஆய்வாளர்கள் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

1962-ல் கூடத்துக்குப் புதிய அறை கிடைத்தது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் ஹான்சன். 'திறந்த வடிவம்' என்ற கொள்கையை முன்வைத்தவர் அவர். 'கருப்பு அறை' என்று பெயர்பெற்ற அந்த அறையின் சுவர்ப்பலகைகளைத் திருப்பலாம். ஒரு பக்கம் ஓசையை விழுங்கும், மறுபக்கம் எதிரொலிக்கும். அறையே ஒரு வாத்தியமாயிற்று.

போகுஸ்வாவ் ஷேஃபர் தமது மின்னணு 'சிம்பனி'யை வரைகுறிகளால் ஆன தாளாக எழுதிக் கொடுத்தார். 1966-ல் அதை ஒலியாக்கியவர் கூடத்தின் ஒலிப்பொறியாளர் போஹ்தான் மஸூரெக். குறிகளைப் படித்து எந்த ஓசை என்று முடிவு செய்தவர் பொறியாளர் என்றால், அவர் வெறும் உதவியாளரா? இன்னொரு பொறியாளர் யூகெனியூஷ் ரூட்னிக். பிறருடைய இசையை நாடாவில் ஏற்றிக் கொடுக்க வந்தவர், பிறர் வெட்டி எறிந்த நாடாத் துண்டுகளையும் கொண்டு தாமே இசை ஆக்கத் தொடங்கினார். அந்த நாட்டு மின்னணு இசையின் முதன்மையான பெயர்களுள் ஒன்று இன்று அவருடையது. 2014-ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே வெளிவந்தது. நார்வேயின் ஆர்னே நோர்ட்ஹைம் 1960-களின் இறுதியில் வார்ஸாவுக்கு வந்து பணியாற்றினார். 1968-ல் அவர் அங்கே ஆக்கிய ஒரு படைப்புக்கு அந்த ஊரின் பெயரையே சூட்டினார்.

இவற்றில் எதையும் பட்கோவ்ஸ்கி இயற்றவில்லை. ஆனால் யாருக்குக் கருவி, யாருக்கு நேரம், எந்தப் பொறியாளர் எந்த இசையமைப்பாளரோடு சேர்வது, பொறியாளரைப் பொறியாளராகவே நிறுத்துவதா அல்லது அவர் இசை ஆக்க இடம் விடுவதா என்பன போன்ற கேள்விகளுக்கு ஒரு கூடத்தின் தலைவர் நாள்தோறும் விடை சொல்லியாக வேண்டும். இவை ஒவ்வொன்றும் மதிப்பீடுதான். கட்டுரை எழுதுகிற விமர்சகன் தவறாக மதிப்பிட்டால் ஒரு பத்தி வீணாகும். கூடம் நடத்துகிற விமர்சகன் தவறாக மதிப்பிட்டால் ஓர் இசை பிறக்காமலே போகும். இந்தப் பொறுப்பின் எடையோடு ஒப்பிட்டால், நூல் வெளிவந்து ஆறு மாதம் கழித்துப் 'பரவாயில்லை' என்று எழுதும் நம் பாதுகாப்பான விமர்சனம் எவ்வளவு இலேசானது!

அவர் பேசாமலும் இருக்கவில்லை. 'இசையின் தொடுவானங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஆன்னா ஸ்க்ஷின்ஸ்காவுடன் இணைந்து வானொலித் தொடர் நடத்தினார். பின்னர் அது அச்சு வடிவும் பெற்றது. புதிய இசையை ஒலிபரப்பிவிட்டு 'பிடித்தால் கேளுங்கள்' என்று விலகிவிடவில்லை. இது ஏன் இப்படி ஒலிக்கிறது, இதன் பின்னே என்ன சிந்தனை என்று வீட்டில் அமர்ந்திருக்கும் கேட்பவனிடம் பொறுமையாக எடுத்துரைத்தார். 'ஊக்குவிப்பவன்' என்ற சொல்லை விளம்பரக்காரன் என்ற பொருளில் இழிவாகப் பயன்படுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். விளம்பரக்காரன் கேட்பவனின் பழகிய ரசனையைச் சொறிந்துவிடுவான். இவர் அந்த ரசனையிடம் உழைப்பைக் கேட்டார்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருவோம். கூடத்தின் உழைப்பில் பெரும்பகுதி இசைக்குச் செல்லவில்லை. வானொலி நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் ஒலிச்சேர்க்கை செய்து கொடுப்பதே அதன் அன்றாடப் பணி. பரிசோதனை அந்தச் சில்லறை வேலைகளின் நிழலில்தான் வளர்ந்தது. நாங்கள் இதை மறைக்கப் போவதில்லை. அந்த வேலைகளே கூடத்துக்கு அரசு வானொலியில் இருப்பதற்கான நியாயத்தை அளித்தன. பொறியாளர்களின் கையும் அதில்தான் பழகியது. 'கலைக்காக மட்டுமே' என்று கதவில் எழுதி மாட்டியிருந்தால் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் கதவே இருந்திராது.

இதைவிடக் கடுமையான கேள்வி 1980-களில் வருகிறது. பட்கோவ்ஸ்கி 1979 முதல் 1985 வரை போலந்து இசையமைப்பாளர் சங்கத்தின் தலைவர். இயற்றாத ஒருவரை இயற்றுவோரின் சங்கமே தலைவராக ஏற்றது என்பதை முதுகுச்சவாரி வாசகத்தாரின் கவனத்துக்கு விட்டுவிடுகிறோம். 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்தது. நடிகர்கள் அரசு வானொலியையும் தொலைக்காட்சியையும் புறக்கணித்தார்கள். அந்த வானொலியின் ஒரு கூடத்துக்குத் தலைவராக இருந்தவரே சங்கத்தின் தலைமையிலும் இருந்தார். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வசதியானதாக இருந்திருக்க முடியாது. சங்கம் நடத்திவந்த இலையுதிர்கால விழா 1982-ல் நடக்கவில்லை, 1983-ல் மீண்டது. நடிகர்களின் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் ஓவியர் சங்கமும் கலைக்கப்பட்ட காலம் அது. இசையமைப்பாளர் சங்கம் கலைக்கப்படவில்லை.

ஏன் கலைக்கப்படவில்லை? இசைக்குச் சொற்கள் இல்லை, ஆகவே ஆட்சி அஞ்சவில்லை என்பது ஒரு விடை. அதைத் தள்ளிவிட மாட்டோம். எல்லாம் ஒருவரின் சாமர்த்தியம் என்று மாலை போடவும் மாட்டோம். நாங்கள் சொல்வது இவ்வளவே: அமைப்பு தப்பித்ததால் விழா தப்பித்தது; விழா தப்பித்ததால், வெளியே இருந்து வரும் இசையை உள்ளே இருப்பவர்களும் உள்ளே பிறந்த இசையை வெளியே இருப்பவர்களும் கேட்க முடிந்தது. நாற்காலியைத் தூக்கி எறிவது அழகான செயலாக இருக்கலாம். ஆனால் அதற்கான செலவு சில வேளைகளில், எறிந்தவரின் கணக்கில் ஏறாமல், இன்னும் ஒரு நாடாவையும் தொட்டிராத ஓர் இளைஞனின் கணக்கில் ஏறும்.

நெருக்கம் தீர்ப்பைக் கெடுக்கும் என்பதையும் ஏற்கிறோம். கூடவே இருந்து உருவாக்கியதை ஒருவர் குறைத்து மதிப்பிடுவது கடினம். அங்கே உருவான அனைத்தும் உயர்ந்தவை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தூரமும் தீர்ப்பைக் கெடுக்கும். தள்ளி நிற்பவனுக்கு முடிந்த பொருள் மட்டுமே தெரியும். அது எந்தத் தடைகளைத் தாண்டி வந்தது, எது வரவிடாமல் தடுக்கப்பட்டது என்பது தெரியாது. நெருக்கத்தின் பிழையைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் தூரத்தின் பிழையைப் பற்றி ஒருமுறையாவது பேசலாம்.

அந்தக் கூடம் 2004-ல் தன் இயக்கத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டே, 2005-ல், பட்கோவ்ஸ்கியும் மறைந்தார். பிறகு நடந்ததுதான் கவனத்துக்குரியது. போலந்தின் 'போவ்ட் ரெக்கார்ட்ஸ்' என்ற சிறு நிறுவனம் அந்தக் கூடத்தின் பழைய நாடாக்களை வட்டுகளாக வெளியிடத் தொடங்கியது. இயற்றியவர் பெயரோடு பொறியாளரின் பெயரும் இன்று பேசப்படுகிறது. அவை பதிவான காலத்தில் பிறந்தேயிராத தலைமுறை அவற்றைத் தேடிக் கேட்கிறது.

அந்த வட்டுகளில் பட்கோவ்ஸ்கி இயற்றிய இசை ஏதும் இருக்காது. ஆனால் அவற்றை இயக்கிக் கேளுங்கள்: ஒரே ஓர் அடி, தாளத்தட்டின் மீது விழுந்து, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அடித்த கைக்கும் வடிவமைத்த அறிவுக்கும் உரிய மரியாதையைக் கொடுப்போம். அந்த அடி விழுவதற்கு ஓர் அறை வேண்டும் என்று அதிகாரத்தின் மேசைக்கு முன் நின்று கேட்டவனை முதுகில் சவாரி செய்தவன் என்று அழைக்க இனியும் யாருக்காவது துணிவிருந்தால், அடுத்த கூட்டத்தில் அவர் வந்து அமரும் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டவர் யார் என்று ஒருகணம் யோசித்துவிட்டு அழைக்கட்டும்.