கோயிற்காடும் நம் கடமையும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் நண்பகலில் தெருவில் இறங்க அஞ்சாதார் இலர். வசதியுடையோர் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்கின்றனர். தறியை விட்டு அகல இயலாத நெசவாளரும், பாசனத்தை விட்டு நீங்க இயலாத உழவரும் எங்கே செல்வது? அவர்களுக்காக நம் முன்னோர் வீட்டுக்கு அருகிலேயே ஓர் ஏற்பாடு செய்துள்ளனர். ஐயனார் பெயராலும் அம்மன் பெயராலும் ஊர்ப்புறத்தே விடப்பட்ட கோயிற்காடுகளையே குறிப்பிடுகின்றோம்.

அக்காட்டின் ஒற்றையடிப் பாதையில் சிறிது தொலைவு நடந்தாலே உடல் குளிர்கிறது. மரக்கிளைகள் கதிரைத் தடுப்பது மட்டும் இதற்குக் காரணமன்று. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக வெளியிடும்போது சுற்றியுள்ள வெப்பமும் தணிகிறது. தகரக் கொட்டகையின் நிழல் இதனைச் செய்யாது. வீரை, பாலை, காயா போன்ற மரங்கள் கோடையிலும் பசுமை மாறாதவை. நம் கீழைக் கடற்கரைப் பகுதிக்கே உரிய இக்காட்டின் மிச்சங்களுள் பல, விழுப்புரம் மாவட்டம் புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு போன்ற இடங்களிலேயே எஞ்சியுள்ளன.

நிழலின் அருமையை நெசவாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாவை நீட்டிக் கஞ்சியிடும்போது பசை பரவுமுன் காய்ந்துவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு அறும். ஆதலால் அவர்கள் அதிகாலையையும் பாவடி மரநிழலையும் நாடினர். உழவருக்கும் காட்டினால் பயனுண்டு. அங்கே தங்கும் ஆந்தை வயலெலியைப் பிடிக்கிறது. உதிர்ந்த சருகு மழைநீரை நிலத்துள் இறக்குகிறது.

ஒடிந்த கிளையையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. இன்று அக்கட்டுப்பாடு தளர்ந்து வருகிறது. வருந்தத்தக்கது யாதெனில், பக்தியின் பெயராலேயே மரங்கள் வீழ்த்தப்படுவதாகும். மண்டபம், சிமெண்டுத் தளம், வண்டி நிறுத்துமிடம் என ஒவ்வொன்றுக்கும் காட்டின் ஒரு பகுதி போகிறது. திருவிழாவுக்கு வருவோர்க்கு இடம் வேண்டாவா எனச் சிலர் வினவுவர். வேண்டும், அதனைக் காட்டுக்கு வெளியே அமைக்கலாம். மண்டபம் ஓராண்டில் எழும். வீரைமரம் கவிந்து நிழல் தர ஒரு தலைமுறை செல்லும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி, 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயிற்காடும் அச்சிறப்பைப் பெற்றது. அதன் பரப்பு 12 ஏக்கருக்குச் சற்றே அதிகம். ஆகவே, எங்கள் ஊர்க்காடு சிறிது என்று எவரும் தயங்க வேண்டுவதில்லை.

சங்கத்தின் பங்கு மூலதனத்தை எடுத்துச் செலவிட எந்த அங்கத்தினரும் சம்மதியார். காடு ஊரின் மூலதனம். நிழல் அதன் ஈவு. அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதுபற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றி, காட்டின் எல்லையை அளந்து கல் நடவும், அதனை ஊராட்சியின் உயிர்ப்பன்மைப் பதிவேட்டில் சேர்க்கவும் கிராம சபையைக் கோருமாறு வேண்டுகின்றோம்.