ஆயத்தமின்றி ஓடுவது தொண்டாகாது

1942-இல் இரங்கூனை விட்டு வெளியேறிய தமிழர் உள்ளிட்ட இந்தியர், ஆயத்தமாக நேரமின்றிக் காடு மலை கடந்து நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அவர்களுக்கு வேறு வழியில்லை. அதே நகரில் 2013-இல் பன்னாட்டு மாரத்தான் தொடங்கிற்று. அத்தகைய 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தில் நிதி திரட்ட முன்வரும் நம் இளைஞருக்கோ பல மாத அவகாசம் உண்டு. இருந்தும் இரு வாரப் பயிற்சியோடு, புதுக் காலணி மினுங்க, யாங்கோன் போன்ற நகரின் புழுக்கத்தில் ஓடத் துணிவது வீரமா? கொடையாளரின் நம்பிக்கையோடு விளையாடுவதன்றோ! 1980-இல் கனடாவில் செயற்கைக் காலுடன் 143 நாள் ஓடிய டெரி பாக்ஸ், அதற்கான பயிற்சியிலேயே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் ஓடியிருந்தார். பெற்றோரும் குற்றமற்றவரல்லர். நன்கொடை கேட்டால் தயங்காது தருகின்றனர். ஞாயிறு விடியலில் பிள்ளை நெடுந்தூரப் பயிற்சிக்குக் கிளம்பினால் மட்டும், தனிப்பயிற்சி வகுப்பு இருக்கிறதெனத் தடுக்கின்றனர்.