செவிலியரின் முதல் இரண்டு ஆண்டுகள்

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 புதிய செவிலியர் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 1,570 கோடி ரூபாய். ஆண்டுக்கு 15,700 பட்டதாரிகள் கூடுதலாகக் கிடைப்பார்கள் என்பது கணக்கு. கல்லூரி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், செவிலியர் பற்றாக்குறை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இடங்களைக் கூட்டுவதோடு அரசுகள் கையைக் கழுவிவிடுகின்றன. படித்து முடித்தவர் முதல் வேலையில் என்ன பாடுபடுகிறார், ஏன் சில ஆண்டுகளில் நாட்டை விட்டோ தொழிலை விட்டோ போய்விடுகிறார் என்பதை எந்த அறிவிப்பும் தொடுவதில்லை. ஓட்டையை அடைக்காமல் தொட்டியில் தண்ணீர் விடுகிற வேலை இது.

சிக்கல் படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். டிப்ளமா மூன்று ஆண்டு. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த பெண் முதல் ஆண்டிலேயே உடற்கூறியலையும் மருந்தியல் சொற்களையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறாள். அதையாவது உழைத்துக் கடந்துவிடலாம். கைப்பழக்கத்துக்கு நோயாளி வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகள் தங்கள் மாணவிகளைக் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்புகின்றன. ஒரே வார்டில் பல கல்லூரிச் சீருடைகள். ஒரே நோயாளியின் கையில் அடுத்தடுத்து பி.பி. பட்டை சுற்றப்படுகிறது. நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ரெக்கார்டு நோட்டு மட்டும் எல்லோருக்கும் நிரம்பிவிடுகிறது. சில இடங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட மாணவியையே டூட்டி பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் கற்பிப்பவர் அருகில் இருப்பதில்லை.

இப்படிப் படித்துக் கவுன்சிலில் பதிவு செய்து வருகிறவருக்குத் தனியார் மருத்துவமனை கொடுக்கும் உண்மையான கூலி பணமல்ல, அனுபவச் சான்றிதழ். வளைகுடா நாட்டு வேலைக்கு இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் பொதுவாகக் கேட்கப்படுகிறது. கல்விக் கடன் வட்டியோ ஏறிக்கொண்டிருக்கிறது. இது நிர்வாகங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அடிமட்டச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறது, இரண்டாண்டு பாண்டில் கையெழுத்தும் கிடைக்கிறது. நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும், அதுவரை அசல் சான்றிதழ்கள் அலுவலகப் பீரோவில். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருளல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் இந்த வழக்கம் ஒழியவில்லை. வழக்குப் போட வேண்டியவர் இருபத்திரண்டு வயதுப் பெண் என்பதில் நிர்வாகங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை.

புதியவருக்குக் கைப்பழக்கம் போதாது, நாங்கள்தான் கற்றுக்கொடுக்கிறோம், அதற்குள் முழுச் சம்பளம் எப்படி என்று மருத்துவமனைகள் கேட்கின்றன. பயிற்சி உண்மையாக இருந்தால் இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பகலில் 'ட்ரெய்னி' என்று சம்பளத்தைக் குறைத்துவிட்டு, நைட் டூட்டியில் அதே பெண்ணிடம் மொத்த வார்டையும் ஒப்படைக்கிறார்கள். டிரிப் தீருவதைப் பார்ப்பதும், மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் வைப்பதும், டாக்டரைப் போனில் எழுப்புவதும் அவள்தான்; மருந்தளவு தவறினால் மெமோவும் அவளுக்கே. மாணவி என்றால் பக்கத்தில் மூத்த செவிலியர் இருக்க வேண்டும். பொறுப்பாளர் என்றால் பொறுப்புக்கேற்ற சம்பளம் வேண்டும். இரண்டில் ஒன்றை நிர்வாகம் தேர்ந்துகொள்ளட்டும்.

சிறிய மருத்துவமனைகளால் தாங்க முடியாது, சுமை நோயாளி தலையில்தான் விழும் என்பது இதைவிடக் கனமான வாதம். இதற்கான விடை பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி அமைந்த குழு, படுக்கை எண்ணிக்கையை வைத்தே ஊதியத்தை வகுத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100க்கு மேல் என்றால் அதில் 10 விழுக்காடு வரை குறையலாம். 50 முதல் 100 வரை 25 விழுக்காடு. 50க்கும் கீழே எனில் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. சிறியவர்களுக்கான சலுகை இதிலேயே இருக்கிறது. கேரளம், 2017இல் செவிலியர் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின், 2018 ஏப்ரலில் இந்த 20,000 ரூபாயை அடிப்படையாக்கி அறிவிக்கை வெளியிட்டது. அங்கே தனியார் மருத்துவத் துறை இழுத்து மூடப்படவில்லை. சம்பளம் கூடினால் சிகிச்சைக் கட்டணம் ஓரளவு கூடலாம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஸ்கேனுக்கும் அறை வாடகைக்கும் கட்டணம் ஏறும்போது வராத நோயாளிப் பாசம், நர்ஸ் சம்பளம் என்றதும் மட்டும் பொங்கி வருவது ஏன்?

தனியாரைக் கண்டிக்க வேண்டிய அரசின் கையும் சுத்தமில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியருக்குத் தமிழக அரசு கொடுத்த தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்ற உறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் போராட அமர்ந்தார்கள். பிறகு தொகை உயர்ந்தது. தொகுப்பூதிய முறை போகவில்லை. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. அரசே தன் வார்டில் அதைச் செய்யாதபோது, தனியார் மருத்துவமனைக்குப் போகும் தொழிலாளர் துறை அதிகாரி எந்த முகத்தோடு சம்பளப் பதிவேட்டைக் கேட்பார்?

ஆகவே, முதலில் அரசு தன் தொகுப்பூதியச் செவிலியரைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதோடு, 2016 குழுவின் விகிதங்களை இன்றைய விலைவாசிக்கேற்ப உயர்த்தி, குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாக வெளியிட வேண்டும். பணியில் சேரும் புதியவரை முதல் ஆறு மாதங்கள் தனியாக இரவுப் பணியில் விடக் கூடாது, அசல் சான்றிதழை வாங்கி வைத்திருக்கும் மருத்துவமனையின் பதிவு புதுப்பிக்கப்படாது என்ற இரண்டு விதிகளை அதில் சேர்ப்பதற்குப் புதிதாக ஒரு கோடி ரூபாய்கூடத் தேவையில்லை.