தீர்ப்பாயம் என்றால் கோர்ட்டு இல்லையா?

வரிச்சிக்குடிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "கோர்ட்டிலிருந்து வந்த சம்மன் இல்லையே, ஏதோ ஆணையமாம், தீர்ப்பாயமாம். மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். இந்த அலட்சியம் நம் மளிகை வியாபாரிகளுக்குப் பெரும் நஷ்டத்தில் முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் காரைக்காலில் 'திரிபுனால்' என்றாலே சாதாரண நீதிமன்றம்தான். பிரான்சில் இன்றும் அதே பொருள்தான். இந்தியச் சட்டத்தில் 'டிரிபியூனல்' என்பது வேறு. வழக்கமான நீதிமன்ற வரிசைக்கு வெளியே, குறிப்பிட்ட துறையின் வழக்குகளை மட்டும் விசாரிக்கத் தனிச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. அதற்குத் தமிழ்ச் சொல்தான் தீர்ப்பாயம். ஆயத்தீர்வையில் வரும் 'ஆயம்' வரியைக் குறிக்கும். தீர்ப்பாயத்தில் வரும் 'ஆயம்' கூடி அமரும் குழுவைக் குறிக்கும். பொதுவாக, சட்டம் படித்த உறுப்பினரும் துறை அறிந்த உறுப்பினரும் சேர்ந்து அமர்ந்து தீர்ப்புச் சொல்வார்கள்.

இது புதிய ஏற்பாடு அல்ல. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1941-லேயே தொடங்கியது. 1976-ல் வந்த 42-வது திருத்தம் தீர்ப்பாயங்களுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. ஜி.எஸ்.டி. 1-7-2017-ல் அமலுக்கு வந்தும், அதற்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 24-9-2025-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளாக வியாபாரிக்கு உயர் நீதிமன்றப் படியேறுவதைத் தவிர வழியில்லாமல் இருந்தது. இப்போது வழி திறந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு.

வரி அதிகாரியின் உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முதல் அப்பீல் செய்ய வேண்டும். அதைக் கேட்பவர் மேல்முறையீட்டு அதிகாரி. அவர் தீர்ப்பாயம் அல்ல. அங்கும் தோற்றால் அடுத்த படிதான் தீர்ப்பாயம். முதல் அப்பீலில் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதமும், தீர்ப்பாயத்தில் மேலும் 10 சதவீதமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். தகராறுத் தொகை 50,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வழக்கை ஏற்க மறுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சிறு வியாபாரி முதல் அப்பீலையே கோட்டைவிடக் கூடாது.

நுகர்வோர் வழக்கையும் பாருங்கள். 1986-ம் ஆண்டுச் சட்டத்தில் மாவட்ட 'மன்றம்' என்று இருந்தது, 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலானதும் மாவட்ட 'ஆணையம்' ஆகிவிட்டது. பெயரில் கோர்ட்டு இல்லை. ஆனால் 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கேட்டால் இன்னும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் சொல்லிவிட்டது. ஆணையத்தின் உத்தரவை மீறினால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

மக்கள் நீதிமன்றமோ நேர் எதிர். பெயரில் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் அங்கே நடப்பது சமரசம். இரு தரப்பும் சம்மதிக்காமல் அங்கே முடிவு இல்லை. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அப்பீல் இல்லை.

ஆகவே பலகையில் உள்ள பெயரைப் பார்த்து எடை போடக் கூடாது. எந்தச் சட்டத்தின்கீழ் அழைக்கிறார்கள், எத்தனை நாளில் பதில் கேட்கிறார்கள், தோற்றால் அடுத்து எங்கே போகலாம் என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும். தபால் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, உறையைப் பத்திரப்படுத்துங்கள்.

தீர்ப்பாயம் சொன்னதே முடிவு என்று அஞ்சவும் வேண்டாம். தீர்ப்பாய முடிவுகளைப் பரிசீலிக்கும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்று 1997-ல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. வியாபாரிக்கு வரும் ஒவ்வொரு நோட்டீசிலும் மேற்சொன்ன மூன்று விவரங்களையும் தமிழில் அச்சிட வேண்டும் என்று புதுவை அரசிடமும் மத்திய அரசிடமும் சங்கம் கேட்க வேண்டும். வரி கட்டுகிறவனுக்குப் புரிகிற மொழியில் கெடுவைச் சொல்வது சலுகை அல்ல, அவனுக்குள்ள உரிமை.